வீட்டுக்கு எந்த சுகர் மீட்டர்? விரலில் குத்தும் கருவி முதல் கையில் ஒட்டும் சென்சார் வரை

காலையில் ஆய்வகத்தில் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தச் சர்க்கரை 148. அதே நேரத்தில் வீட்டு மீட்டரில் பார்த்தது 163. "இதுல எது சரி? மீட்டர் கெட்டுப்போச்சா, லேப்ல தப்பா போட்டுட்டாங்களா?" சர்க்கரை நோயாளி இருக்கும் பெரும்பாலான வீடுகளில் ஒருமுறையாவது எழுந்திருக்கும் கேள்வி இது. மீட்டரைத் தூக்கி அலமாரியில் போடுபவர்களும் உண்டு. அந்த எண்ணை நம்பி, டாக்டரைக் கேட்காமலேயே மாத்திரையைக் கூட்டிக் குறைப்பவர்களும் உண்டு. இரண்டுமே ஆபத்துதான்.

மேலே சொன்ன இரண்டு எண்களுமே சரியாக இருக்கலாம் என்பதுதான் உண்மை. அது எப்படி?

சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐ.சி.எம்.ஆரும் இணைந்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அந்த ஆய்வு கணக்கிட்டது. தேசிய அளவில் 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். ஏழு பெரியவர்களில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்களே வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். இன்னொரு பக்கம், வேலைக்காக வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், ஊரில் உள்ள பெற்றோருக்கு ஆன்லைனில் மீட்டர் ஆர்டர் செய்கிறார்கள். அப்போது திரையில் வரிசையாக வந்து நிற்கும் கருவிகளில் எது எதற்கு?

சிறுநீரைக் கொதிக்கவைத்த காலம்

இன்றைக்கு ஐந்து விநாடியில் தெரியும் எண்ணுக்காக ஒரு காலத்தில் சோதனைக் குழாயும் ஸ்பிரிட் விளக்கும் தேவைப்பட்டன. நீல நிற பெனடிக்ட் கரைசலில் சில சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்கவைப்பார்கள். நிறம் பச்சையானால் கொஞ்சம் சர்க்கரை, மஞ்சள், ஆரஞ்சு என்றால் கூடுதல், செங்கல் நிறம் என்றால் மிக அதிகம். ஆனால் அது சிறுநீரில் இறங்கிய சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால்தான் பொதுவாகச் சிறுநீரில் தென்படும். தாழ்சர்க்கரையை அந்த முறையால் கண்டுபிடிக்கவே முடியாது.

1965-ல் அமெரிக்காவின் ஏம்ஸ் நிறுவனம் 'டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ்' என்ற பட்டையைக் கொண்டுவந்தது. ஒரு சொட்டு ரத்தம் வைத்து, கழுவி, மாறிய நிறத்தை அட்டையோடு கண்ணால் ஒப்பிட வேண்டும். அதே நிறுவனத்தின் ஆண்டன் கிளெமென்ஸ், அந்த நிறத்தைக் கண்ணுக்குப் பதிலாக ஒளியை வைத்து அளக்கும் கருவியை உருவாக்கினார். 1970 வாக்கில் வந்த அந்த 'ஏம்ஸ் ரிஃப்ளெக்டன்ஸ் மீட்டர்' ஒரு கிலோவுக்கு மேல் எடை. மருத்துவமனைகளுக்கும் டாக்டர்களுக்கும் மட்டுமே விற்றார்கள்.

சிறு வயதிலேயே டைப் 1 சர்க்கரை நோய் வந்த ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பொறியாளருக்கு அது வேண்டும். அவர் டாக்டர் இல்லை என்பதால் கிடைக்காது. அவருடைய மனைவி டாக்டர். அவர் பெயரில் வாங்கினார். ஒரு நாளைக்குப் பலமுறை தானே சோதித்து, இன்சுலினையும் உணவையும் அந்த எண்களுக்கேற்ப மாற்றினார். நோயாளி வீட்டிலேயே சர்க்கரை பார்ப்பது என்ற பழக்கத்தின் முன்னோடிகளில் ஒருவராக அவர் கருதப்படுகிறார். பின்னர் நாற்பது வயதுக்கு மேல் மருத்துவம் படித்து டாக்டரும் ஆனார். டாக்டர் கையில் மட்டும் இருந்த எண் நோயாளியின் கைக்கு வந்த கதை இது.

ஸ்ட்ரிப்புக்குள் என்ன நடக்கிறது?

கடையில் கிடைக்கும் விரல் குத்தும் மீட்டரில் உண்மையான சோதனைக்கூடம் ஸ்ட்ரிப்தான். மீட்டர் அந்த முடிவைப் படித்துச் சொல்லும் கருவி மட்டுமே.

ஸ்ட்ரிப்பின் நுனி சுமார் அரை மைக்ரோலிட்டர் ரத்தத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு மில்லிலிட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அது. உள்ளே பூசப்பட்டிருக்கும் நொதி, ரத்தத்தில் உள்ள குளுக்கோஸோடு வினைபுரியும். அந்த வினையில் எலெக்ட்ரான்கள் வெளிவரும். குளுக்கோஸ் கூடினால் மின்னோட்டமும் கூடும். மீட்டர் அந்த மின்னோட்டத்தை அளந்து எண்ணாக மாற்றுகிறது. நொதியையும் மின்முனையையும் சேர்த்து சர்க்கரையை அளக்கலாம் என்ற யோசனையை 1962-லேயே முன்வைத்தவர் லேலண்ட் கிளார்க். அந்த முறையில் இயங்கும் பேனா அளவு வீட்டு மீட்டர் 1980களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்தது.

நிறமாற்றத்தை ஒளியால் அளக்கும் மீட்டர்கள் இன்றும் சில உண்டு. ஆனால் சந்தையில் பெரும்பாலானவை மின்னோட்ட வகைதான்.

நொதியிலும் வகைகள் இருக்கின்றன. 'குளுக்கோஸ் ஆக்சிடேஸ்' ஒன்று. 'குளுக்கோஸ் டீஹைட்ரஜனேஸ்' இன்னொன்று. இது வெறும் வேதியியல் பாடம் இல்லை. ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

வகை ஒன்று: விரல் குத்தும் மீட்டர்

இதற்குள்ளேயே பல உட்பிரிவுகள் உண்டு.

சாதாரண மீட்டர்: ஸ்ட்ரிப் செருகினால் ஆன் ஆகும், எண்ணைக் காட்டும், சில நூறு முடிவுகளை நினைவில் வைத்திருக்கும். பழைய மாடல்களில் புது ஸ்ட்ரிப் டப்பா திறக்கும்போதெல்லாம் அதன் கோடு எண்ணை மீட்டரில் மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் முடிவு தவறும். தனியாக இருக்கும் வயதானவர்களுக்குக் கோடு தேவைப்படாத மாடலே நல்லது.

புளூடூத் மீட்டர்: முடிவு தானாக போன் ஆப்புக்குப் போகும். மதுரையில் அம்மா பார்த்த சுகரை பெங்களூருவில் மகள் பார்க்க முடியும். நோட்டில் எழுத மறப்பவர்களுக்கும், மூன்று மாதப் போக்கை டாக்டரிடம் காட்ட விரும்புபவர்களுக்கும் உதவும்.

போனில் செருகும் மீட்டர்: சின்னக் கருவியை சார்ஜிங் துளையில் செருகி, போன் திரையிலேயே முடிவைப் பார்க்கலாம். வாங்குவதற்கு முன் அந்த வீட்டில் இருக்கும் போனின் துளைக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். போன் மாறினால் மீட்டரும் பயனில்லாமல் போகலாம்.

பேசும் மீட்டர்: கண்பார்வை குறைந்தவர்களுக்காக எண்ணைக் குரலில் சொல்லும். சர்க்கரை நோயே விழித்திரையைப் பாதிக்கும் என்பதால் இது ஆடம்பரம் அல்ல. பேசும் மாடல் கிடைக்காவிட்டால், பெரிய எழுத்தும் பின்னொளியும் உள்ள மாடலையாவது தேர்ந்தெடுக்கலாம்.

இந்த நான்கிலும் அடிப்படை அளவீடு ஒன்றேதான். விலை கூடினால் துல்லியமும் கூடும் என்பதில்லை.

148, 163: இரண்டும் எப்படிச் சரி?

வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 15197. அதன் 2013-ம் ஆண்டுப் பதிப்பு சொல்வது இதுதான்: சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால், நூற்றில் 95 முடிவுகள் ஆய்வக அளவிலிருந்து 15 புள்ளிக்குள் இருக்க வேண்டும். 100 அல்லது அதற்கு மேல் இருந்தால் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

அப்படியானால் ஆய்வகத்தில் 148 என்றால், வீட்டு மீட்டர் 126-க்கும் 170-க்கும் இடையே எதைக் காட்டினாலும் அது தரத்துக்கு உட்பட்டதே. 163 அதற்குள் வருகிறது.

இந்த 15 என்ற அளவு மேலே பெரிய பிரச்சினை இல்லை. 240-ஆ 260-ஆ என்பதால் சிகிச்சை பெரிதாக மாறாது. கீழேதான் சிக்கல். உண்மையான அளவு 60 என்றால் மீட்டர் 75 என்று காட்டலாம். 75 என்றால் நிம்மதி. 60 என்றால் உடனே சர்க்கரை சாப்பிட வேண்டிய நிலை. அதனால்தான் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர் பசி, குழப்பம் இருக்கும்போது மீட்டர் எண் சரியாகத் தெரிந்தாலும் உடம்பு சொல்வதைக் கேட்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள்.

ஆய்வக முடிவோடு ஒப்பிடும்போது இன்னும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். விரல் நுனியில் வருவது நுண்குழாய் ரத்தம். ஆய்வகத்தில் எடுப்பது சிரை ரத்தம். வெறும் வயிற்றில் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு இருக்கும். சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாகவே இருக்கும். எனவே சாப்பிட்ட பின் ஒப்பிடுவது வீண். அதோடு, குழாயில் எடுத்த ரத்தத்தில் உள்ள அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். பாதுகாக்கும் பொருள் சேர்க்காமல் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். ஃபுளோரைடு சேர்த்த, சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் சர்க்கரைக்கு ரத்தம் எடுப்பது அதனால்தான்.

மீட்டரைச் சோதித்துப் பார்க்க எளிய வழி: வெறும் வயிற்றில் ஆய்வகத்துக்கு மீட்டரையும் எடுத்துச் செல்வது. ரத்தம் எடுத்த உடனே அங்கேயே விரலில் குத்திப் பார்ப்பது. இரண்டுக்கும் வித்தியாசம் 15 சதவீதத்துக்குள் இருந்தால் மீட்டரை நம்பலாம்.

எங்கே தவறுகிறது?

பெரும்பாலான தவறுகள் கருவியில் இல்லை. கையில் இருக்கின்றன, டப்பாவில் இருக்கின்றன, சில சமயம் ரத்தத்திலேயே இருக்கின்றன.

கை: மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால், விரலில் ஒட்டியிருக்கும் சாறும் சேர்ந்து எண் தாறுமாறாக ஏறும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதாது. சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துப்போகும். கழுவ வழியில்லாத இடத்தில் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை எடுக்கலாம். விரலைப் பிதுக்கிப் பிதுக்கி எடுத்தால் திசுத் திரவமும் சேர்ந்து வரும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலியும் குறைவு.

டப்பா: ஸ்ட்ரிப்பின் எதிரிகள் வெயிலும் ஈரப்பதமும். பொதுவாக 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்வார்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்த டப்பாவை நம்ப முடியாது. அதற்காக ஃப்ரிட்ஜில் வைப்பதும் தவறு. வெளியே எடுத்ததும் ஈரம் படியும். டப்பாவின் உள்ளே ஈரத்தை உறிஞ்சும் பொருள் இருப்பதால், ஸ்ட்ரிப்பை எடுத்ததும் மூடியை அழுத்தி மூட வேண்டும். வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது. காலாவதித் தேதி ஒன்று. திறந்த பிறகு எத்தனை மாதம் என்பது வேறு. சில பிராண்டுகளில் மூன்று மாதம், சிலவற்றில் ஆறு மாதம். திறந்த தேதியை டப்பா மேல் பேனாவால் எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

ரத்தம்: ரத்தசோகை உள்ளவர்களுக்கு மீட்டர் உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும். சிவப்பணுக்கள் மிக அதிகமாக இருப்பவர்களுக்குக் குறைவாகக் காட்டக்கூடும். இன்சுலின் போடும் ஒருவருக்கு ரத்தசோகையும் இருந்தால், தாழ்சர்க்கரையை மீட்டர் மறைத்துவிடும் வாய்ப்பு உண்டு. புதிய மாடல்கள் பல இதைத் தானே திருத்திக்கொள்கின்றன. எந்த அளவு வரை என்பது ஸ்ட்ரிப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் 'ஹீமாடோகிரிட்' என்ற சொல்லுக்கு எதிரே இருக்கும்.

நொதி: குளுக்கோஸ் ஆக்சிடேஸ் வகை ஸ்ட்ரிப்புக்கு ஆக்சிஜன் அளவு முக்கியம். ஆக்சிஜன் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அது குறைத்துக் காட்டலாம். டீஹைட்ரஜனேஸில் 'பி.க்யூ.க்யூ.' என்ற ஒரு வகை, குளுக்கோஸையும் மால்டோஸையும் பிரித்தறியாது. வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்பவர்கள் பயன்படுத்தும் ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் உடலில் மால்டோஸாகும். மீட்டர் அதையும் சர்க்கரையாக எண்ணி உயர்த்திக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டதால் உயிரிழப்புகள் நேர்ந்ததைச் சுட்டிக்காட்டி, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2009 ஆகஸ்டில் எச்சரிக்கை விடுத்தது. இத்தகைய டயாலிசிஸில் இருப்பவர்கள், தங்கள் ஸ்ட்ரிப் எந்த வகை என்பதைச் சிறுநீரக மருத்துவரிடம் காட்டிக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

வகை இரண்டு: கையில் ஒட்டும் சென்சார்

விரல் மீட்டர் தருவது புகைப்படம். சி.ஜி.எம். எனப்படும் தொடர் கண்காணிப்பு சென்சார் தருவது வீடியோ.

நாணயம் போன்ற வட்ட வில்லை. மேற்கையின் பின்பக்கம் ஒட்டினால், அதிலிருக்கும் முடி போன்ற மெல்லிய இழை தோலுக்குக் கீழே இறங்கி உட்காரும். அது அளப்பது ரத்தத்தை அல்ல. செல்களுக்கு இடையே இருக்கும் திசுத் திரவத்தில் உள்ள குளுக்கோஸை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓர் எண். மாடலைப் பொறுத்து 10 முதல் 15 நாள் வரை ஓடும். பிறகு கழற்றி எறிந்துவிட்டுப் புதிது ஒட்ட வேண்டும். 1999-ல் எஃப்.டி.ஏ. அனுமதி பெற்ற முதல் கருவி மூன்று நாள்தான் ஓடியது. முடிவை நோயாளி உடனுக்குடன் பார்க்கவும் முடியாது.

இன்று இதிலும் மூன்று விதம். போனையோ ரீடரையோ அருகில் காட்டினால் மட்டும் எண் தெரிவது ஒன்று. தானாகவே போனுக்கு எண் அனுப்பி, தாழ்ந்தாலோ ஏறினாலோ அலாரம் அடிப்பது இன்னொன்று. மூன்றாவது, டாக்டர் ஒட்டிவிட்டு இரண்டு வாரம் கழித்துத் தானே தரவை எடுத்துப் படிப்பது. நோயாளி எண்ணைப் பார்த்துப் பார்த்துச் சாப்பாட்டை மாற்றாமல், வழக்கமான வாழ்க்கையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள இது உதவும். தோலுக்கு அடியில் வைத்து ஓராண்டு வரை இயங்கும் சென்சாருக்கும் அமெரிக்காவில் 2024-ல் அனுமதி கிடைத்தது.

சென்சாரின் பெரிய பலம் எண் அல்ல, அம்புக்குறி. 110 என்பது நல்ல எண்தான். ஆனால் பக்கத்தில் கீழ்நோக்கி இரண்டு அம்பு இருந்தால், இன்னும் கொஞ்ச நேரத்தில் அது 70-க்குக் கீழே போகலாம். வண்டியை எடுக்கும் முன் அது தெரிய வேண்டும். விரல் மீட்டருக்கு அது தெரியாது.

நள்ளிரவு இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது என்பதும் விரல் மீட்டருக்குத் தெரியாது. இன்சுலின் போட்டுவிட்டுத் தனியாகத் தூங்குபவருக்கு, அந்த நேரத்து அலாரம்தான் உயிர் காக்கும்.

குறைகளும் உண்டு. ரத்தத்தில் நடக்கும் மாற்றம் திசுத் திரவத்துக்கு வந்து சேர 5 முதல் 15 நிமிடம் தாமதமாகும். சாப்பிட்டவுடன், உடற்பயிற்சி செய்யும்போது, சர்க்கரை வேகமாக இறங்கும்போது இந்த இடைவெளி பெரிதாகத் தெரியும். சென்சார் இருக்கும் பக்கமே படுத்து அழுத்தினால், இல்லாத தாழ்சர்க்கரையைக் காட்டி எழுப்பிவிடும். அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை எடுத்தால் சில சென்சார்கள் உயர்த்திக் காட்டும். ஒட்டிய முதல் நாளில் எண்கள் கொஞ்சம் தடுமாறும். ஆகவே சென்சார் சொல்வதும் உடம்பு சொல்வதும் ஒத்துப்போகாதபோது, விரலில் குத்தித்தான் முடிவெடுக்க வேண்டும். சென்சார் வாங்கினாலும் பழைய மீட்டரைத் தூக்கிப் போடக் கூடாது.

ஹெச்பிஏ1சி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 7 சதவீதம் என்று வந்தால், சராசரிச் சர்க்கரை சுமார் 154 என்று பொருள். ஒருவருக்கு அது நாள் முழுக்க 130-க்கும் 180-க்கும் இடையே அமைதியாக ஓடியதால் வந்திருக்கலாம். இன்னொருவருக்கு இரவில் 50-க்கு விழுந்து, காலையில் 280-க்கு எகிறி, இரண்டும் சேர்ந்து சராசரியாகி வந்திருக்கலாம். ரிப்போர்ட்டில் இருவருக்கும் ஒரே எண்.

அதனால்தான் சென்சார் பயன்படுத்துபவர்களுக்கு 2019-ல் சர்வதேச நிபுணர்கள் இன்னொரு அளவுகோலை வகுத்தார்கள். சர்க்கரை 70 முதல் 180-க்குள் இருக்கும் நேரம், நாளின் 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். அதாவது சுமார் 17 மணி நேரம். 70-க்குக் கீழே இருக்கும் நேரம் 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதியவர்கள், கர்ப்பிணிகளுக்கு இந்த இலக்குகள் வேறு.

யாருக்கு எது?

டைப் 1, அல்லது ஒரு நாளைக்குப் பலமுறை இன்சுலின் போடுபவர்: சென்சாரின் பலன் மிக அதிகம் கிடைப்பது இவர்களுக்குத்தான். பணம் இடம் கொடுக்கவில்லை என்றால், விரல் மீட்டரில் ஒவ்வொரு வேளை உணவுக்கு முன்பும் தூங்கும் முன்பும் பார்ப்பது அவசியம்.

தாழ்சர்க்கரை வந்தாலும் அறிகுறி தெரியாதவர்: பல ஆண்டுகள் சர்க்கரை நோய் இருந்தவர்களில் சிலருக்கு நடுக்கமோ வியர்வையோ வராமலே மயக்கம் வரும். இவர்களுக்கு அலாரம் அடிக்கும் சென்சார்.

மாத்திரை மட்டும் எடுக்கும் டைப் 2 நோயாளி: நல்ல விரல் மீட்டரே தாராளம். தினமும் குத்த வேண்டிய தேவையும் பொதுவாக இல்லை. ஜோடியாகப் பார்ப்பதுதான் பலன் தரும். பொங்கல் சாப்பிடும் முன் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. அடுத்த நாள் அதே மாதிரி இட்லிக்கு. எந்த உணவு எவ்வளவு ஏற்றுகிறது என்பது நான்கு ஸ்ட்ரிப்பில் தெரிந்துவிடும். கிளைமெபிரைடு, கிளைபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் தாழ்சர்க்கரையை உண்டாக்கக்கூடியவை என்பதால், அவற்றை எடுப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

கர்ப்பகாலச் சர்க்கரை: டாக்டர் சொல்லும் நேரங்களில் தினமும் பலமுறை பார்க்க வேண்டும். நினைவகம் உள்ள அல்லது புளூடூத் மீட்டர் உதவும்.

நோயே இல்லாதவர்: "எனக்கு சுகர் இருக்கான்னு பாத்துடலாமே" என்று அப்பாவின் மீட்டரில் குத்திப் பார்ப்பவர்கள் அதிகம். குத்தும் பேனாவையும் ஊசியையும் இன்னொருவரோடு பகிர்ந்தால் ஹெபடைடிஸ் பி போன்ற தொற்று பரவலாம். வீட்டு மீட்டர் நோயைக் கண்டறியும் கருவியும் அல்ல. வெறும் வயிற்றில் 126-க்கு மேலா என்பதை ஆய்வகம்தான் உறுதிசெய்ய வேண்டும்.

செலவுக் கணக்கு

மீட்டரைச் சலுகை விலையில் கொடுப்பார்கள், செலவு ஸ்ட்ரிப்பில்தான். பிரிண்டர் மலிவு, மை விலை அதிகம் என்ற அதே கதை. பிராண்டைப் பொறுத்து ஒரு ஸ்ட்ரிப் சுமார் 10 முதல் 25 ரூபாய். வாரத்துக்கு இரண்டு ஜோடி பார்க்கும் டைப் 2 நோயாளிக்கு மாதம் 16 ஸ்ட்ரிப். 160 முதல் 400 ரூபாய். தினமும் நான்கு முறை பார்ப்பவருக்கு 120 ஸ்ட்ரிப். 1,200 முதல் 3,000 ரூபாய். இரண்டு வார சென்சார் ஒன்று சுமார் 4,000 முதல் 5,000 ரூபாய் என்றால், மாதத்துக்கு இரண்டு வேண்டும்.

ஆண்டு முழுக்க சென்சார் வாங்க முடியாதவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. மருந்தை மாற்றும்போதோ, காரணம் தெரியாமல் சர்க்கரை ஏறி இறங்கும்போதோ, இரண்டு வாரம் மட்டும் ஒட்டிப் பார்ப்பது. டாக்டரின் ஆலோசனையோடு மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

குத்தாமல் அளக்கும் வாட்ச், மோதிரம்?

ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு, "குத்தாமலே சுகர் காட்டும்" என்று ஸ்மார்ட் வாட்ச்சும் மோதிரமும் விற்கிறார்கள். தோலைத் துளைக்காமல் தானாகவே ரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. வெளிப்படையாக எச்சரித்தது. சென்சார் அளந்த எண்ணை வாட்ச் திரையில் காட்டுவது வேறு. வாட்ச்சே அளப்பதாகச் சொல்வது வேறு. முதலாவது உண்மை. இரண்டாவதை நம்பி இன்சுலின் போடுவது உயிரோடு விளையாடுவது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

* பெட்டியில் ஐ.எஸ்.ஓ. 15197:2013 இருக்கிறதா?
* அந்த ஊர் மெடிக்கலில் ஸ்ட்ரிப் கிடைக்குமா? பழைய மாடலுக்கு ஸ்ட்ரிப் நின்றுபோனால் மீட்டர் வெறும் பொம்மை.
* ஒரு ஸ்ட்ரிப்பின் விலை என்ன? 25 வாங்கினால் எவ்வளவு, 50 வாங்கினால் எவ்வளவு?
* பயன்படுத்தப்போகிறவரால் எண்ணைப் படிக்க முடியுமா? ஸ்ட்ரிப்பை நடுங்கும் விரலால் பிடிக்க முடியுமா?
* அலகு என்ன?

கடைசிக் கேள்வி முக்கியம். இந்தியாவில் சர்க்கரையை டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறோம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிரிட்டனிலும் மில்லிமோல் கணக்கு. அங்கிருந்து உறவினர் வாங்கிவந்த மீட்டர் 7.2 என்று காட்டினால் பதற வேண்டாம்; 18-ஆல் பெருக்கினால் சுமார் 130. அதே மீட்டர் 16 என்று காட்டினால் "சின்ன நம்பர்தானே" என்று விட்டுவிடக் கூடாது, அது 288.

எண்ணைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும்?

70-க்குக் கீழே என்றால் அது தாழ்சர்க்கரை. 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர் உடனே. 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொருமுறை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். வாக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

திரையில் எண்ணுக்குப் பதிலாக 'ஹெச், ஐ' என்று இரண்டு ஆங்கில எழுத்து வந்தால், மீட்டர் வணக்கம் சொல்லவில்லை. அளக்கும் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். பல மீட்டர்களில் அந்த எல்லை 600. கை கழுவி இன்னொருமுறை பார்த்தும் அதே வந்தால் நேராக மருத்துவமனைதான். 'எல், ஓ' என்றால் அளக்க முடியாத அளவுக்குக் கீழே போய்விட்டது; மறுபடி குத்திப் பார்த்து நேரத்தைக் கழிக்காமல் முதலில் சர்க்கரை கொடுக்க வேண்டும்.

பயன்படுத்திய ஊசிகளைக் குப்பையில் அப்படியே போடாமல், மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்துவைக்க வேண்டும். தூய்மைப் பணியாளரின் கையில் அது குத்தக் கூடாது. அடுத்தமுறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, "நூத்தம்பது, நூத்தறுபதுன்னு இருக்கும் டாக்டர்" என்று ஞாபகத்திலிருந்து சொல்வதைவிட மீட்டரையே பையில் போட்டு எடுத்துச் செல்லலாம். எந்த நாளில், எந்த நேரத்தில் ஏறியது, எப்போது விழுந்தது என்பதை அதன் நினைவகத்தில் டாக்டரே பார்த்துக்கொள்வார்.